காகித மரம்: விதை பாதி, மண் பாதி

பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை எடுத்து மெதுவாகக் கிழியுங்கள். கிழிந்த விளிம்பை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், பஞ்சு போன்ற மெல்லிய இழைகள் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். ஒரு காலத்தில் ஏதோ ஒரு தாவரத்தின் உடலில் உயிரணுக்களாக இருந்தவை அவை. இன்று உலகில் புதிதாகச் செய்யப்படும் காகிதக்கூழில் பெரும்பகுதி மரத்திலிருந்தே கிடைக்கிறது.

மரம் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆலைக்காரருக்கு அப்படி அன்று. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே வயதுடைய, ஒரே பருமனுள்ள இரண்டு மரங்களை வெட்டிக் கூழாக்கினால் ஒன்று அதிகக் கூழையும் மற்றொன்று குறைந்த கூழையும் தரலாம். ஒன்றின் தாள் வலுவாகவும் மற்றொன்றின் தாள் எளிதில் கிழிவதாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடு விதையில் வந்ததா, மண்ணில் வந்ததா? இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

கட்டைக்குள் என்ன இருக்கிறது?

வரலாற்றுக்குள் நுழையுமுன் கட்டையின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. மரக்கட்டை என்பது நெருக்கமாக அடுக்கப்பட்ட நுண்ணிய குழாய்களின் கட்டு எனலாம். இக்குழாய்களே நார்கள். பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் நாரின் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். யூகலிப்டஸ் போன்ற அகன்ற இலை மரங்களில் சுமார் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. நாரின் சுவரில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ். நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருள் லிக்னின். கட்டையை இரசாயனக் கரைசலில் வேகவைத்து லிக்னினைக் கரைத்து நார்களைப் பிரித்தெடுப்பதே வேதிமுறைக் கூழாக்கம்.

நார்ச்சுவரின் திண்மப் பொருள் எந்த மரத்திலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி உடையது. அது கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். ஆகவே ஒரு கட்டையின் அடர்த்தி 0.5 கிராம் என்றால், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சுவர். மற்ற இரு பங்கும் குழாய்களின் உட்புற வெளி. எனவே கட்டையின் அடர்த்தியை அளப்பது சுவரின் தடிப்பை அளப்பதற்குச் சமமானது.

இந்தத் தடிப்பே தாளின் குணத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. மெல்லிய சுவருள்ள நார், கூழாகி அழுத்தப்படும்போது காற்றிறங்கிய சைக்கிள் டியூபைப் போல் தட்டையாகிவிடும். தட்டையான நார்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படிவதால் அவற்றிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் மிகுதியாக ஏற்படுகின்றன. தாள் வழவழப்பாகவும் இழுவலிமையுடனும் அமைகிறது. தடித்த சுவருள்ள நாரோ குழாயாகவே நின்றுவிடும். அதனால் தாள் சற்றுச் சொரசொரப்பாகப் பருத்திருந்தாலும் கிழிசலைத் தாங்கும். செய்தித்தாளுக்கு ஏற்ற கட்டை சிமெண்டுப் பைக்கு ஏற்றதன்று; சிமெண்டுப் பைக்கு ஏற்றது எழுதுதாளுக்கு ஏற்றதன்று. 'நல்ல கட்டை' எது என்று கேட்டால், 'எந்தத் தாளுக்கு?' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கந்தலிலிருந்து கட்டைக்கு

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதம் கந்தல் துணியிலிருந்தே செய்யப்பட்டது. படிப்பவர்கள் பெருகப் பெருகக் கந்தலுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1840-களில் ஜெர்மனியின் சாக்சனி பகுதியைச் சேர்ந்த பிரெடரிக் கெல்லர், மரக்கட்டையை ஈரமான சாணைக்கல்லில் அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். பிறகு இரசாயன முறைகளும் வந்தன. அக்காலத்து ஆலைகளுக்கு வடநாடுகளின் ஸ்புரூஸ் மரமே முதல் தேர்வு. அதன் கட்டை வெளிறிய நிறமுடையது, பிசின் குறைந்தது, நார் நீண்டது. காடு முழுவதும் அதுவே நின்றதால், மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டா என்று ஆராய வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

ஆனால் காகிதத்திற்குத் தொடர்பில்லாத வேறோரிடத்தில் அக்கேள்வி முன்னரே எழுந்திருந்தது. பிரான்சில் பிலிப் ஆந்திரே தெ வில்மொரின் என்பவர் 1820-களில் ஸ்காட்ஸ் பைன் மரத்தின் விதைகளை ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் வரவழைத்து, லே பார் என்னுமிடத்தில் தம் நிலத்தில் அருகருகே விதைத்தார். பால்டிக் கடற்கரையின் ரீகா பகுதியிலிருந்து வந்த விதைகள் நேராக நெடிதோங்கின. வேறு சில பகுதிகளின் விதைகள் கோணலாகவே வளர்ந்தன. மண்ணும் மழையும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே வேறுபாடு விதையில் இருந்திருக்க வேண்டும். மெண்டலின் பட்டாணிச் சோதனைகளுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இச்சோதனை, மரங்களின் மரபியலுக்கு முதற்படி எனலாம்.

ஹெர்ட்டியும் பிசின் மரமும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பைன் மரங்களுக்குக் குறைவில்லை. அவற்றிலிருந்து பழுப்பு நிறப் பொட்டலக் காகிதமும் செய்யப்பட்டு வந்தது. ஆனால் செய்தித்தாள் செய்ய அவை உதவா என்பது ஆலையுலகின் பொதுக்கருத்து. பிசின் மிகுதி என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிசின் இயந்திரங்களில் அப்பிக்கொள்ளும்; தாளில் கறை விழும். அதனால் அமெரிக்கப் பத்திரிகைகள் தம் தாளுக்குக் கனடாவையே பெரிதும் நம்பியிருந்தன.

ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த வேதியியலறிஞர் சார்லஸ் ஹெர்ட்டி (1867–1938) இக்கருத்தை ஏற்கவில்லை. அவர் பைன் மரத்திலிருந்து டர்ப்பன்டைன் பால் எடுக்கும் முறையைச் சீர்திருத்தியவர். ஆகவே மரத்தில் பிசின் எங்கே, எப்போது சேர்கிறது என்பதை நன்கு அறிந்தவர். நம் தச்சர்கள் 'வைரம் பாய்ந்த மரம்' என்பார்கள் அல்லவா? முதிர்ந்த மரத்தின் நடுவில் கருத்து இறுகிய அந்த வைரக்கட்டையிலேதான் பைனின் பிசின் பெரிதும் தங்குகிறது. இளம் பைனில் வைரம் பாய்ந்திராது. எனவே இளமையிலேயே வெட்டினால் அதன் பிசின் அளவு ஸ்புரூஸைப் போலவே குறைவாக இருக்கும் என்று அவர் காட்டினார்.

1932-ஆம் ஆண்டில் சவன்னா நகரில் ஒரு சோதனைக்கூடம் அமைத்து அவர் இதை நடைமுறையில் மெய்ப்பித்தார். 1933-இல் ஜார்ஜியாவின் சில நாளிதழ்கள் உள்ளூர்ப் பைனிலிருந்து செய்த தாளில் அச்சாயின. டெக்சாஸ் மாநிலத்தின் லஃப்கின் நகரில் தென்பைனைக் கொண்டு செய்தித்தாள் செய்யும் முதல் ஆலை 1940-இல் இயங்கத் தொடங்கியபோது ஹெர்ட்டி உயிருடன் இல்லை. மரத்தின் இனத்தை மட்டும் வைத்து அதன் தரத்தைத் தீர்மானிக்க முடியாது, வயதையும் பார்க்க வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

ஆனால் அப்பாடத்திற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எந்த மரத்திலும் நடுத்தண்டை ஒட்டிய முதற்சில ஆண்டு வளையங்கள் 'இளங்கட்டை' எனப்படும். அங்கே நார் குட்டை, சுவர் மெல்லியது. நாரின் சுவரில் செல்லுலோஸ் நூலிழைகள் கயிற்றின் புரிகளைப்போல் சுற்றிச் செல்கின்றன. முதிர்ந்த பைன் கட்டையில் இப்புரிகள் நாரின் நீளவாக்கோடு 10, 15 பாகை அளவே சாய்ந்திருக்கும். இளங்கட்டையில் சாய்வு 30 பாகைக்கு மேலும் போகும். புரி சாயச் சாய நாரின் விறைப்பு குறையும். இளம் மரங்களை வெட்டும் ஆலைக்குப் பிசின் தொல்லை இல்லை. ஆனால் இளங்கட்டை மிகுதியாக வந்து சேர்கிறது.

பென்சில் பருமனில் ஒரு சான்று

மரத்தை வெட்டாமல் அதன் உட்புறத்தை அறிவதற்கு ஒரு கருவி ஏற்கனவே இருந்தது. ஜெர்மானியரான பிரெஸ்லர் 1866-இல் அமைத்த துளைகருவி அது. உட்குழிவான திருகாணி போன்ற அதை மார்பு உயரத்தில் மரத்தினுள் செலுத்தித் திருப்பி எடுத்தால், பென்சிலைவிடச் சன்னமான ஒரு கட்டைத் துண்டு வெளிவரும். மரம் பிழைத்துக்கொள்ளும்.

இத்துண்டின் அடர்த்தியைக் காண்பது பள்ளிச் சோதனைக்கூடத்திலும் செய்யக்கூடியதே. பச்சைத் துண்டை நீரில் அமிழ்த்தி, இடம்பெயர்ந்த நீரைக்கொண்டு ஆர்க்கிமிடீஸ் முறையில் கன அளவைக் காணலாம். பிறகு 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். கன அளவு 10 கன சென்டிமீட்டராகவும் உலர் எடை 5 கிராமாகவும் இருந்தால் அடிப்படை அடர்த்தி 0.50. இப்படி ஆயிரக்கணக்கான மரங்களைச் சோதிக்க முடிந்ததும் உண்மை வெளிப்படத் தொடங்கியது.

புரூஸ் ஸோபல் (1920–2011) என்னும் வனவியலறிஞர் 1951-இல் டெக்சாஸிலும், 1956 முதல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மர மேம்பாட்டுத் திட்டங்களைத் தொடங்கினார். காகித நிறுவனங்கள் பலவும் அவற்றில் பங்குகொண்டன. காட்டில் நேராகவும் நோயின்றியும் அடர்த்தியான கட்டையோடும் நிற்கும் பைன்களைத் தேடிப்பிடித்து, ஒட்டு மாங்கன்று கட்டுவதுபோல் அவற்றின் கொப்புகளை இளநாற்றுகளில் ஒட்டுக்கட்டி 'விதைத் தோட்டங்கள்' அமைத்தனர். அவற்றின் விதைகளை வெவ்வேறு நிலங்களில் குடும்பம் குடும்பமாக நட்டு வளர்த்து அளந்தனர்.

இச்சோதனைகளின் அடிப்படைக் கணக்கு எளியது. அளக்கப்படும் பண்பு = மரபின் பங்கு + சூழலின் பங்கு. ஒரே நிலத்தில் பல குடும்பங்களை வளர்த்தால் முதற்பங்கு தெரியும். ஒரே குடும்பத்தைப் பல நிலங்களில் வளர்த்தால் இரண்டாம் பங்கு தெரியும். கிடைத்த முடிவு பலருக்கு வியப்பளித்தது. மரம் எவ்வளவு வேகமாகப் பருக்கிறது என்பதில் மண்ணின் கை ஓங்கியிருந்தது. கட்டையின் அடர்த்தியிலோ பெற்றோரின் சாயல் மிகவும் வலுவாகத் தெரிந்தது. வேகமாக வளரும் மரத்தின் கட்டை தக்கைபோல் இருக்கும் என்ற பழைய எண்ணமும் இந்தப் பைன்களைப் பொறுத்தவரை ஆட்டம் கண்டது. வேகமும் அடர்த்தியும் ஒரே மரத்தில் அமையலாம். அத்தகைய மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்ணும் மழையும் செய்வது

இதனால் சூழலுக்கு வேலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பைனின் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் இரு பகுதிகள் உண்டு. வசந்தத்தில் உண்டாவது மெல்லிய சுவருள்ள வெளிறிய கட்டை. கோடையில் உண்டாவது தடித்த சுவருள்ள கருத்த கட்டை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரைப் பகுதியில் கோடையிலும் மழை கிடைப்பதால் கோடைக்கட்டை நெடுநாள் உருவாகிறது. அங்குள்ள பைன்களின் அடர்த்தி உள்நாட்டுப் பைன்களைவிட அதிகம். தழைச்சத்து உரமிட்டால் சில ஆண்டுகளுக்கு அடர்த்தி சற்றுக் குறைந்து பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. காற்றில் சாய்ந்த பைனின் கீழ்ப்புறத்தில் லிக்னின் மிகுந்த அழுத்தக்கட்டை உண்டாகிறது; அது கூழுக்கு ஆகாது.

விதையும் மண்ணும் கைகோக்கும் விதத்தை இளங்கட்டையிலேயே தெளிவாகக் காணலாம். எத்தனை வளையங்கள் வரை இளங்கட்டை நீடிக்கும் என்பதைப் பெரும்பாலும் மரத்தின் மரபும் வயதுமே முடிவு செய்கின்றன. ஆனால் அந்த வளையங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு அகலமாக இருக்கும் என்பது நடவு இடைவெளி, உரம், நீர் ஆகியவற்றைப் பொறுத்தது. இடம்விட்டு நட்டு, உரமிட்டுச் செழிக்க வைத்தால் இளங்கட்டையே பருத்துவிடுகிறது.

இவற்றை வளையம் வளையமாக அளக்க இயற்பியல் கைகொடுத்தது. 1960-களில் பிரான்சின் நான்சி நகரில் ஹியூபர்ட் போல்ஜ், மெல்லிய கட்டைச் சீவலை எக்ஸ்-கதிரால் படமெடுத்து, படத்தின் கருமையிலிருந்து அடர்த்தியைக் கணித்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவைக்கொண்டு, சுவரின் புரிச்சாய்வையே அளக்கும் இயந்திரமும் செய்யப்பட்டது.

பிரேசிலின் போத்து மரங்கள்

வரலாற்றின் அடுத்த கட்டம் பிரேசிலில் நடந்தது. அங்கே 1904-ஆம் ஆண்டில் எட்முண்டோ நவாரோ தெ அந்திராதே, இரயில் நிறுவனம் ஒன்றின் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் இனங்களைப் பயிரிட்டு ஆராயத் தொடங்கினார். நாம் தைலமரம் என்று அழைக்கும் இனக்குடும்பம்தான் அது. ரியோ கிளாரோவில் இருந்த அவருடைய தோட்டத்தில் பல இனங்கள் அருகருகே நின்றதால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிட்டன. அங்கிருந்து பெற்ற விதைகள் எல்லாம் கலப்பு விதைகளாயின.

எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில் அராகுரூஸ் நிறுவனத்தின் நடவு 1967-இல் தொடங்கியபோது இத்தகைய விதைகளே பயன்பட்டன. ஒரு மரம் ஓங்கி வளர்ந்தது. அடுத்தது குட்டையாக நின்றது. ஈரமும் வெப்பமும் மிகுந்த அக்கடற்கரையில் பட்டையைத் தாக்கும் பூஞ்சை நோயும் பரவியது. ஆனால் நோயுற்ற தோப்பின் நடுவே சில மரங்கள் தீங்கின்றிச் செழித்து நின்றன. எட்கார்டு கம்பிநியோஸ், யாரா இகெமோரி முதலானோர் அத்தகைய மரங்களைத் தேர்ந்தெடுத்தனர். திமோர், புளோரஸ் தீவுகளைச் சேர்ந்த யூரோபில்லா இனத்தையும், வேகமாக வளரும் கிராண்டிஸ் இனத்தையும் கலந்த கலப்பினங்கள் அவர்களுக்குப் பெரிதும் உதவின.

தேர்ந்த மரத்தின் விதையை விதைத்தால் பிள்ளைகள் தாயைப்போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. முருங்கையை நாம் என்ன செய்கிறோம்? நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து போத்து ஒடித்து நடுகிறோம். அது தாய்மரமாகவே வளர்கிறது. யூகலிப்டஸின் முதிர்ந்த கிளையோ எளிதில் வேர்விடாது. ஆனால் மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து வெடிக்கும் இளந்துளிர், பனிபோல் நீர் தெளிக்கும் கூடாரத்தில் வேர்விடும். ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலும் இதே முறை 1970-களில் பயனுக்கு வந்தது. அராகுரூஸ் குழுவினர் நால்வருக்கு 1984-இல் சுவீடனின் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு வழங்கப்பட்டது.

ஒரே தாயின் போத்துகள் நிறைந்த தோப்பு ஆலைக்கு ஏன் விருப்பமானது? பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் ஒரே பானையில் போட்டால் ஒன்று குழையும், மற்றொன்று வேகாது. பலவகைக் கட்டைகளை ஒரே கொப்பரையில் வேகவைக்கும்போதும் அதுவே நிகழ்கிறது. கட்டை ஒரே சீராக இருந்தால் கூழும் ஒரே சீராக வரும்.

சிறு மாற்றமும் பெரிய பலன் தருவதை ஒரு கணக்கால் அறியலாம். கன மீட்டருக்கு 450 கிலோ அடர்த்தியும் 48 சதவீதக் கூழும் தரும் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1 டன் கூழுக்கு அதில் சுமார் 4.6 கன மீட்டர் தேவை. அடர்த்தி 500 கிலோவாகவும் கூழ் 52 சதவீதமாகவும் உயர்ந்தால் சுமார் 3.8 கன மீட்டர் போதும். நாளொன்றுக்கு 1,000 டன் கூழ் செய்யும் ஆலைக்கு ஏறத்தாழ 800 கன மீட்டர் கட்டை அன்றாடம் மிச்சம். அவ்வளவு காடும் வெட்டப்படாமல் தப்புகிறது.

ஜீன் வரை சென்றபோது

லிக்னினை அகற்றுவதிலேதான் ஆலையின் இரசாயனச் செலவு பெரிதும் அடங்கியிருக்கிறது. எனவே லிக்னினை உண்டாக்கும் ஜீன்களை ஆய்வாளர்கள் தேடினர். 1997-இல் ஒரு வியப்பு வெளியாயிற்று. நன்கு வளர்வதற்காக அமெரிக்க மேம்பாட்டுத் திட்டத்தில் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த லாப்லாலி பைன் வகை ஒன்றில், லிக்னின் தயாரிப்புக்கான ஒரு நொதியின் ஜீன் இயற்கையாகவே பழுதுற்றிருந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் அப்பழுதைப் பெற்ற மரங்களின் கட்டை பழுப்பு நிறத்தில் இருந்தது. அவற்றின் லிக்னினும் வழக்கத்திற்கு மாறான அமைப்புடையது. 2014-இல் கிராண்டிஸ் யூகலிப்டஸின் முழு மரபுத்தொகுதி வெளியிடப்பட்டது. அதில் 36,000-க்கும் மேற்பட்ட ஜீன்கள் உள்ளன. கட்டையின் அடர்த்தி போன்ற ஒரு பண்பை ஒரே ஜீன் ஆள்வதில்லை, பல ஜீன்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே உருவாக்குகின்றன என்பதும் தெளிவாயிற்று.

ஒரே சீரின் விலை

ஆலைக்கு நன்மையான ஒருமைப்பாடு காட்டுக்கு எப்போதும் நன்மையன்று. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய், அதே மரபுள்ள எல்லா மரங்களையும் வீழ்த்தும். 2000-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் யூகலிப்டஸ் இலைக் காம்புகளிலும் நரம்புகளிலும் முடிச்சுகளை உண்டாக்கும் சிறு குளவியொன்று பரவியபோது இதை நாமே கண்டோம். மைசூர்ப் பகுதியின் கலப்பு விதைகளிலிருந்து வளர்ந்த சீரற்ற தோப்புகளுக்கு மாற்றாக, பத்ராசலம் காகித ஆலை 1989-இல் தேர்ந்த மரங்களின் போத்து முறையைத் தொடங்கியிருந்தது. விளைச்சலும் பெருகிற்று. ஆனால் குளவி வந்தபோது சில வகைகள் கடுமையாகத் தாக்குண்டன. சில வகைகள் தாங்கி நின்றன. ஒரே வகையை நம்பியவர்கள் அதிகம் இழந்தனர்.

இடம் மாறினாலும் இதே சிக்கல்தான். ஓரிடத்தில் முதலிடம் பெற்ற வகை, மழை குறைந்த வேறோரிடத்தில் பின்தங்குவது உண்டு. முன்பு சொன்ன கணக்கில் மூன்றாம் உறுப்பு ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். மரபும் சூழலும் ஒன்றையொன்று பாதிக்கும் பங்கு அது. இதனால்தான் இன்று பல வகைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து நட்டு, ஒவ்வொரு நிலத்திலும் தனித்தனியே சோதித்துப் பார்க்கிறார்கள்.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. அராகுரூஸ் தோப்புகள் நின்ற பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த துப்பினிக்கிம், குவரனி மக்கள் தம் நிலத்திற்காக நெடுங்காலம் போராடினர். 2007-இல் பிரேசில் அரசு சுமார் 11,000 ஹெக்டேர் நிலத்தை அவர்களுக்கு உரியதென அறிவித்தது. துளைகருவியும் எக்ஸ்-கதிரும் கட்டையின் தரத்தைச் சொல்லும். அந்தக் கட்டை எந்த நிலத்தில், எவருடைய நீரைக் குடித்து விளைந்தது என்பதை மக்கள்தான் கேட்டறிய வேண்டும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. மரத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. நல்ல விதை ஒரு வாய்ப்பைத் தருகிறது; அந்த வாய்ப்பைக் கட்டையாக மாற்றுவது மண்ணும் மழையும் பராமரிப்பும். வில்மொரின் முதல் இன்றைய ஜீன் ஆய்வாளர் வரை இவ்விரு பங்குகளையும் பிரித்து அளக்கவே முயன்றனர். கிழிந்த தாளின் விளிம்பில் நாம் காணும் ஒவ்வோர் இழையிலும் அவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.